கழலாத சக்கரம்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அன்று காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது என்று நான் சொல்வேன். என் மனைவி சீதாலெட்சுமி உயிரோடு இருந்தவரைக்கும், இல்லை, வெயில்தான், கொடியில் துணி கிடந்தது என்று சாதிப்பாள். லோரி பச்சை நிறம் என்பது என் நினைவு. அப்போது பக்கத்து வீட்டில் இருந்த பக்கிரிசாமியைக் கேட்டால் சாம்பல் என்பான். வருஷத்தைக்கூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரப்பர் விலை விழுந்து தோட்டங்களிலிருந்து ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலம், அவ்வளவுதான்.

நாங்கள் அப்போது பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். சரக்கு ஆபீசில் எனக்குக் கிராணி வேலை, கணக்கெழுதுவது. எங்கள் வரிசைக்குப் பின்னால், முன்பு செங்கல் சூளை இருந்த மேட்டில், ஒரு பலகை வீட்டில் வேலாயுதம் குடியிருந்தான். ஒரு சீன முதலாளியிடம், தௌக்கே என்பார்கள், லோரி ஓட்டினான். அம்பாங் பக்கத்துக் காட்டிலிருந்து டவுனுக்கு விறகு ஏற்றி வருவது அவன் வேலை. லோரியைத் தன் வீட்டு வாசலிலேயே நிறுத்திக்கொள்ளத் தௌக்கே அவனுக்கு அனுமதி கொடுத்திருந்தார்.

அவனுக்கும் நல்லம்மாளுக்கும் ஒரே பெண். தனலெட்சுமி என்று பெயர், தனம் என்று கூப்பிடுவார்கள். சாயங்காலம் லோரிச் சத்தம் கேட்டால் சந்து முனையில் போய் நின்றுகொள்ளும். வேலாயுதம் நிறுத்தி, தூக்கி மடியில் உட்காரவைத்துக்கொள்வான். சந்து முனையிலிருந்து வாசல் வரைக்கும் ஸ்டியரிங் அதன் கையில். அவன் கை அடியில் ஒளிந்திருக்கும். இறங்கியதும் அது அம்மாவிடம் ஓடி, "லோரிய நான் கொண்டாந்துட்டேன்" என்று சொல்லும். நல்லம்மாள் ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்படுவாள்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தவன் அவசரமாகக் கிளம்பினான். பிள்ளை மடியில் ஏற வேண்டும் என்று அழுதது. சாயங்காலம் ஏற்றிக்கொள்கிறேன் என்று வாசலில் இறக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தான். பின்பக்கமாக எடுத்துத்தான் சந்துக்குத் திருப்ப வேண்டும். பிள்ளை பின்பக்கம் போய் நின்றது அவனுக்குத் தெரியாது.

போலீஸ் வந்து பார்த்து, வேண்டுமென்று செய்ததில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். பிள்ளையைப் புதைத்தோம். வேலாயுதமே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். யாரிடமும் கொடுக்கவில்லை. தௌக்கே ஒரு முறை வந்து, லோரியைத் தன் இடத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே அது அங்கேயே நின்றது, வீட்டைப் பார்த்தபடி. கதவைத் திறந்தால் அதுதான்.

நல்லம்மாள் சோற்றைத் தொடவில்லை. சீதாலெட்சுமி கஞ்சித் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து உதட்டில் வைப்பாள். உள்ளே போவது பாதி, வழிவது பாதி. ரயில்வே ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வந்து நாடியைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து என்னிடம், "இப்படியே போனா ரொம்ப நாள் தாங்காது, கிராணியாரே. துக்கத்துக்கு எங்கிட்ட மருந்து இல்ல" என்றார்.

பிறகு அவளுக்கு அந்தக் கனவு வந்தது. மூன்று தடவை வந்ததாகச் சொன்னாள். லோரியில் பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. "வாடி, எறங்கு" என்று இவள் கூப்பிடுகிறாள். "அம்மா, கை வரமாட்டேங்குதும்மா" என்கிறது.

வேலாயுதத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவள் சொன்னபோது நானும் இருந்தேன். சம்பவத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"கருமாதிக்குள்ள அந்த ஸ்டியரிங் சக்கரத்தக் கழட்டிக் கடல்ல கொண்டுபோய் விட்டுருங்க. அவ போகட்டும். நீங்க விட்டுட்டு வந்த அன்னிக்கு நான் சோறு திங்கிறேன்."

"சரி" என்றான்.

"முழுசாக் கழட்டணும். அறுக்கக் கூடாது. அவ வெரலு அதுலதான் இருக்கு."

"அறுக்க மாட்டேன்."

அவன் முகத்தில் அன்றைக்குத் தெரிந்ததை நம்பிக்கை என்றுதான் சொல்ல வேண்டும். செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. தௌக்கேயிடம் ஓடினான். அவர் அதற்குள் லோரியை அம்பாங்கில் ஈயம் தோண்டும் ஒரு லம்பத்துக்கு விற்றிருந்தார். எஞ்சினைக் கழற்றித் தண்ணீர் இறைக்கும் பம்புக்கு வைத்துக்கொள்வார்கள். பம்புக்கு ஸ்டியரிங் எதற்கு, எடுத்துக்கொள் என்று மலாயில் சொல்லிக் கையை வீசினாராம். ஆனால் லம்பத்து ஆட்கள் லோரியை இழுத்துப்போக வருவது கருமாதிக்கு முந்தின நாள் மத்தியானம். அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

அது பெரிய வேலை என்று யாரும் நினைக்கவில்லை. சக்கரத்தின் நடுவில் ஒரு பித்தளை மூடி, அதற்கடியில் ஒரு நட்டு. நட்டைக் கழற்றினால் சக்கரம் வந்துவிடும். லோரி ஓட்டுகிறவனுக்கு இது தெரியாதா? அந்த முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு லீவு. பக்கிரிசாமிக்கும் லீவு. அவன் ரயில் எஞ்சினில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன், தோள் இரண்டும் மரக்கட்டை மாதிரி இருக்கும். நாங்கள் மூன்று பேரும் காலையில் லோரியிடம் போனோம்.

மூடி வந்தது. நட்டும், முக்கி முனகி, வந்தது. சக்கரம் வரவில்லை.

வேலாயுதம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, முழங்காலைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, இரண்டு கையாலும் மார்பை நோக்கி இழுத்தான். பக்கிரிசாமி பக்கத்தில் நின்று இழுத்தான். நானும் பிடித்தேன். சக்கரத்தோடு சேர்ந்து லோரியே ஆடியது. தண்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஒரு நூல் அசைவுகூட இல்லை. இரண்டையும் ஒரே வார்ப்பில் ஊற்றிவிட்ட மாதிரி இருந்தது.

"காதர் பாயக் கூட்டியாறேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கிரிசாமி போனான்.

காதருக்கு மஸ்ஜித் இந்தியா பக்கம், துணிக்கடைகளுக்குப் பின்னால், ஒரு பட்டறை இருந்தது. அவர் வருவதற்குள் வேலாயுதம் சீட்டை விட்டு இறங்கவில்லை. கையைச் சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டு வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஃபுட்போர்டில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம், ஆனால் அன்றைய மௌனம் என் வழக்கமான மௌனம் இல்லை. கண்ணாடி டம்ளரை விளிம்பு வரை நிரப்பிக் கையில் ஏந்திக்கொண்டு நடப்பதைப் போல இருந்தது.

காதர் வந்ததும் கொஞ்சம் சத்தம் வந்தது. அவர் வேலை செய்யும்போது பேசாமல் இருக்க மாட்டார்.

"இதென்ன வேலாயுதண்ணே, மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த பொண்ணு மாதிரி ஒட்டிக்கிட்டு கெடக்கு?" என்றவர், வேலாயுதத்தின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "வரும்லா. வராம எங்க போவும். தண்டு முனையில கூம்பு மாதிரி இருக்குது பாருங்க, அதுலதான் இறுகி நிக்கிது. நட்ட ரெண்டு சுத்து மட்டும் மாட்டி வுடுங்க. நீங்க மேல இழுங்க, நான் தண்டு தலையில அடிக்கிறேன்."

அறுக்க மட்டும் வேண்டாம் என்றான் வேலாயுதம். காதர் ஒரு செம்புக் கட்டையைத் தண்டின் தலையில் வைத்து அடிக்க ஆரம்பித்தார். வேலாயுதமும் பக்கிரிசாமியும் இழுத்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் கண்ணாடி அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கிரிசாமிக்கு வேர்த்துக் கொட்டியது.

"பாய், என்ன அடி இது, ஈ ஓட்டறீங்களா? பசியாறிட்டுத்தான வந்தீங்க?"

"நீ கரி அள்ளிப் போடறவன். அடுப்புக்கு அது போதும். இது இரும்புலா, இரும்பு. இதுக்கு மரியாத குடுத்துத்தான் அடிக்கணும்."

"நல்லாக் குடுத்தீங்க மரியாத. அது ஒங்களுக்குக் குடுக்கக் காணோமே."

வேலாயுதத்தின் வாயோரம்கூட லேசாக அசைந்த மாதிரி இருந்தது. அவன் சிரித்தானோ என்னவோ. சிரித்தான் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அடித்து ஆகவில்லை என்றதும் காதர் தண்டின் இடுக்கில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார். நாங்கள் பலாமரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தோம். திரும்பிப் போய்ப் பார்த்தபோது இடுக்கிலிருந்து ஒரு குழம்பு கசிந்து ஸ்டியரிங் தண்டில் வழிந்திருந்தது. மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. காதர் விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார்.

"துருதான், ஆனா தனித் துரு இல்லியே. இதென்னண்ணே, சந்தனமா?"

வேலாயுதம் குனிந்து பார்த்தான். பார்த்தபடியே இருந்தான்.

நானும் பார்த்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை தோறும். நல்லம்மாள் விடியற்காலையில் செம்பில் மஞ்சள் தண்ணீரோடு லோரியில் ஏறுவாள். ஸ்டியரிங் நடுவில் தண்ணீர் விட்டுக் கழுவி, சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, ஒரு சரம் பூவைச் சுற்றிவிட்டு இறங்குவாள். காட்டுப் பாதையில் போய்வருகிறவன் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று. பழைய சந்தனத்தைத் துடைக்க மாட்டாள், அதன் மேலேயே புதிதாக வைப்பாள். அந்தத் தண்ணீரெல்லாம் மூடியின் விளிம்பு வழியாக உள்ளே இறங்கி, சந்தனமும் மஞ்சளும் இரும்போடு சேர்ந்து துருவேறி, சிமெண்டைப் போல இறுகிவிட்டிருந்தது.

"யாரு கையோ, நல்ல கையி. ஒரு வெள்ளி தவற வுடல போல" என்றார் காதர். அது யார் கை என்று அவருக்குத் தெரியாது.

"பாய்" என்றான் வேலாயுதம். "இத அவகிட்ட யாரும் சொல்லிறாதீங்க. கிராணியாரே, நீங்களும்."

சொல்ல மாட்டோம் என்றோம்.

காதர் தன் பையைத் திறந்து ஊதுவிளக்கை எடுத்து வெளியே வைத்தார். மண்ணெண்ணெயில் எரிந்து நீல நாக்கை நீட்டும் விளக்கு அது. தண்டைக் கவ்வியிருக்கும் நடுக்குடத்தைச் சுட்டால் இரும்பு விரியும், உள்ளே இறுகினது இளகும், ஒரே இழுப்பில் வந்துவிடும் என்றார்.

"வேணாம்" என்றான் வேலாயுதம்.

"ஏண்ணே? அறுக்கத்தான வேணாம்னிய? இது அறுக்கறது இல்லியே."

"வேணாம் பாய்."

"வேற வழி இல்லண்ணே. கொஞ்சம் சூடு, அம்புட்டுதான்."

"மண்ணுக்குக் குடுத்த பிள்ள பாய் அது." வேலாயுதத்தின் குரல் உயரவில்லை. "எங்கள்ல சின்னப் பிள்ளைக்குத் தீ வைக்கிற வழக்கம் இல்ல. கையி இதுல இருக்குங்கறா அவ. நான் கொண்டாந்து நெருப்பக் காட்டவா?"

காதர் மதத்திலும் மண்தான். விளக்கைத் திருப்பிப் பையில் வைத்துவிட்டு மறுபடி சுத்தியலை எடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது வெறும் அடிதான். சங்கிலி கட்டிப் பலாமரக் கிளையில் நெம்புகோல் கொடுத்து இழுத்தோம், கிளை முறிந்தது. மறுபடி மண்ணெண்ணெய். மறுபடி அடி. வேலாயுதத்தின் உள்ளங்கை கிழிந்து சக்கர விளிம்பின் மரப்பிடியில் ரத்தம் ஒட்டியது. அதைத் தன் துண்டால் உடனே துடைத்தான். என்னை உறுத்தியது ஒன்றுதான்: அந்தச் சக்கரத்தை வேறு எந்தப் பக்கமும் இழுக்க வழியில்லை. உட்கார்ந்திருப்பவனின் நெஞ்சை நோக்கித்தான் அது வர வேண்டும். காலையிலிருந்து அவன் அதைத் தன் நெஞ்சோடு சேர்த்து இழுத்துக்கொண்டே இருந்தான். அது வர மறுத்துக்கொண்டே இருந்தது.

மத்தியானம் லம்பத்து ஆட்கள் வேறொரு லோரியில் வந்துவிட்டார்கள். மூன்று சீனர்கள். கயிற்றைப் பின்பக்கம் கட்டிவிட்டு, எங்களைப் பார்த்தபடி புகை பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் போய் மலாயில் கொஞ்ச நேரம் கேட்டேன். மழைக்கு முன்னால் போக வேண்டும் என்றார்கள். (மழை என்றார்கள் என்பதால்தான் காலையிலும் தூறியது என்று எனக்குத் தோன்றுகிறதோ என்னவோ.)

சீதாலெட்சுமி வீட்டுக்குள்ளிருந்து வந்து என்னைத் தனியே அழைத்தாள். "வந்துருச்சான்னு கேக்கறா. கேட்டுக்கிட்டே இருக்கா. காலையிலேருந்து ஒரு சொட்டு உள்ள எறங்கல. சீக்கிரம் ஏதாவது செய்யுங்க." அவள் மெதுவாகத்தான் சொன்னாள். வேலாயுதத்துக்கு அது கேட்டது.

அவன் சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தான். சீனர்களும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

"பாய். பத்த வைங்க" என்றான்.

"யோசிச்சுக்கடா" என்றான் பக்கிரிசாமி.

"யோசிச்சாச்சு. ஒண்ணு போயிருச்சு. உள்ள இன்னொண்ணு போய்க்கிட்டிருக்கு. சீதாக்காகிட்டச் சொல்லி அந்தக் கதவச் சாத்தச் சொல்லுங்க."

கதவு சாத்தப்பட்டது. அவன் தன் துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கிழித்து, சக்கரத்தின் மரப்பிடியில் இரண்டு இடத்தில் சுற்றினான். இடமும் வலமும். அது அந்த இரண்டு சின்னக் கைகள் இருக்கும் இடம் என்று யாரும் சொல்லாமலே எங்களுக்குப் புரிந்தது. மேலும் தண்ணீர் விட்டு நனைத்தான். "நடுவுல மட்டும் பாய். இங்க படக் கூடாது." காதர் பிஸ்மில்லா சொல்லி விளக்கைப் பற்றவைத்தார்.

நீல நாக்கு நடுக்குடத்தைச் சுற்றி வந்தது. முதலில் மண்ணெண்ணெய் புகைந்தது. பிறகு மணம் வந்தது. சந்தனம். பல வெள்ளிக்கிழமைச் சந்தனமும் ஒன்றாகச் சூடேறி எழுந்த மணம். எந்தக் கதவைச் சாத்தி அதைத் தடுப்பது? பக்கிரிசாமி மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். சுடுகாட்டில்தான் அந்த மாதிரி வாசம் வரும். எங்கள் எல்லோருக்கும் அது ஒரே சமயத்தில் தோன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் எல்லோரும் ஒரே சமயத்தில் வீட்டைப் பார்த்தோம்.

காதர் விளக்கை விலக்கி ஒரே ஒரு அடி அடித்தார். 'டொக்' என்று சின்னதாக ஒரு சத்தம். அவ்வளவுதான். காலையிலிருந்து அத்தனை பேர் இழுத்தும் வராத சக்கரம் கையோடு வந்துவிட்டது. வேலாயுதம் அதை அணைத்தபடி சீட்டில் பின்னால் சாய்ந்து விழுந்தான்.

நல்லம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நிற்கவில்லை, சீதாலெட்சுமியின் மேல் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னத்த எரிச்சீங்க?"

அவள் நடந்து வந்தாள். எங்கிருந்து அந்தத் தெம்பு வந்ததோ. வேலாயுதம் சக்கரத்தோடு இறங்கி அவள் முன்னால் நின்றான்.

"பிடியில படல, நல்லம்மா. துணி சுத்தியிருந்தேன். தொட்டுப் பாரு, ஈரங்கூடக் காயல."

அவள் ஈரத் துணியைத் தொடவில்லை. நடுவில், கருகிப்போய்ப் புகைந்துகொண்டிருந்த இடத்தைத்தான் பார்த்தாள். அங்கே குழம்பு பொருக்காகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது நான் வச்ச சந்தனம்" என்றாள். "நான்தான் அவளக் கட்டிப் போட்டேனா?"

பிறகு, "நீங்க அவளச் சுட்டுட்டீங்களா?" என்றாள்.

இந்த இரண்டையும் அவள் சொன்னாள் என்பது என் நினைவு. அவள் ஒன்றுமே சொல்லவில்லை, பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள் என்பாள் சீதாலெட்சுமி. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் போனாள் என்பதில் மட்டும் எங்களுக்குள் வித்தியாசம் இல்லை.

லம்பத்து ஆட்கள், மொட்டைத் தண்டில் குறடு மாட்டித் திருப்பியபடி, லோரியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் வேலாயுதம் சக்கரத்தைப் புது வேட்டியில் மூடி எடுத்துக்கொண்டான். நல்லம்மாளை வாசலில் நின்று கூப்பிட்டான். அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் லீவு சொல்லிவிட்டு அவனோடு போனேன். கிள்ளான் வழியாகத் துறைமுகத்துக்குப் போகும் ரயில். கூட்டம். மடியில் அதை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். துணி விலகி மரப்பிடி தெரிந்தது. எதிரில் இருந்த ஒருவன், நல்ல மனசுக்காரன்தான், சும்மா இருக்க மாட்டாமல், "என்னண்ணே, ரயில நீங்கதான் ஓட்டிக்கிட்டு வரீங்களா?" என்றான். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். வேலாயுதம் அவனைப் பார்த்தான். கோபமே இல்லை. "இல்ல தம்பி, எனக்கு ஓட்டத் தெரியாது" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் யாரும் சிரிக்கவில்லை, ஏன் என்று அவர்களுக்கே தெரியாமல்.

துறைமுகத்துக்கு அப்பால், சேற்றில் வேர்விட்டு நிற்கும் காண்டா மரங்களுக்கு நடுவில் ஒரு பலகைப் பாலம் கடலுக்குள் நீண்டிருந்தது. அதன் முனையில் அவன் உட்கார்ந்தான். வேட்டியை அவிழ்த்தான். இரண்டு இடத்திலும் சுற்றியிருந்த துணிகளை அவிழ்த்தான். தன் கையை அந்த இரண்டு இடத்தின் மேலும் வைத்தான். நான் தள்ளி நின்றேன். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, சேறு தெரிய ஆரம்பித்தது. சீக்கிரம் விடு, அப்புறம் சேற்றில்தான் விழும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. கடைசியில் அவனே விட்டான்.

நாங்கள் திரும்பி வந்தபோது சீதாலெட்சுமி ஓடி வந்து, "சாப்பிட்டா! அவளே கேட்டு வாங்கிச் சாப்பிட்டா" என்றாள். வேலாயுதம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனான். நல்லம்மாள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணி மூட்டை.

"சொன்னபடி சாப்பிட்டுட்டேன் அண்ணே" என்றாள் என்னைப் பார்த்து. புருஷனைப் பார்க்கவில்லை. "என்னைக் கிள்ளான்ல எங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுருங்க."

"நல்லம்மா" என்றான் அவன்.

"பட்டினி கெடக்க மாட்டேன்னு சொல்லுங்க அவுங்ககிட்ட. தெனமும் சாப்பிடுவேன்."

அவன் கதவில் சாய்ந்து உட்கார்ந்தான். அவள் அவனைத் தாண்டிக்கொண்டுதான் வெளியே வர வேண்டியிருந்தது. முந்தானையைக் கையில் பிடித்து, அவன் மேல் படாமல் தாண்டி வந்தாள். நானும் சீதாலெட்சுமியும் அவளை அடுத்த ரயிலில் கூட்டிக்கொண்டு போய் விட்டோம்.

நல்லம்மாள் கிள்ளானில் அக்காவோடு சில வருஷம் இருந்தாள். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்தாள். வேலாயுதம் அதற்குப் பிறகு லோரி ஓட்டவில்லை. கொஞ்ச காலம் ரோடு போடும் ஆட்களோடு கல் உடைத்தான். பிறகு ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களோடு அவனும் கப்பலேறினான். கடிதம் ஏதும் வரவில்லை. காதர் பட்டறையை மூடிவிட்டுப் பினாங்கில் மகள் வீட்டுக்குப் போனார். பக்கிரிசாமி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் செந்தூலில் இருக்கிறான், காது கேட்பதில்லை. லோரியின் எஞ்சின் அம்பாங்கில் வெகுநாள் தண்ணீர் இறைத்ததாகக் கேள்வி. லம்பத்தை மூடியபோது அதை எடைக்குப் போட்டுவிட்டார்கள். சீதாலெட்சுமி போன தை மாதம் இறந்தாள். நான் இருக்கிறேன்.